முதல் மூட்டை ஜவ்வரிசி

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம், தலைவாசல் வழியாக ஆத்தூர் நோக்கிப் போகும் சாலையின் இரு மருங்கிலும், வடபுறம் கல்வராயன் மலையடிவாரம் வரையிலும், அதற்கும் மேலே வெள்ளிமலை, கரியாலூர் வட்டாரத்துச் சரிவுகளிலும், நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் சாமையும் விளையும் நிலங்களுக்கு நடுவே மரவள்ளிக்கென்று ஒரு விசேஷ ஸ்தானம் உண்டு. மண்ணுக்குள் இருக்கும்வரை ஒரு மாதமோ இரண்டு மாதமோ கூடுதலாகக் காத்திருக்கச் சம்மதிக்கும் இந்தக் கிழங்கு, பிடுங்கிய பிறகு அந்தப் பொறுமையை அடியோடு இழந்துவிடுகிறது. இரண்டு மூன்று நாட்களுக்குள் அதன் சதையில் நீலமும் கறுப்புமாகக் கோடுகள் ஓடத் தொடங்குகின்றன; மாவுச் சத்து குறைகிறது; ஆலை வாசலில் விலையும் குறைகிறது. ஆகவே பறிப்பவர், ஏற்றுபவர், அரைப்பவர் ஆகிய அனைவரையும் விரட்டிக்கொண்டே இருக்கும் தொழில் இது. இந்தத் தொழில் தமிழ்நாட்டில் பிறந்த வரலாறும் ஓர் அவசரத்தின் வரலாறே என்பதைப் பலர் அறியார்.

புதுத்தொழில் தொடங்கும் இளைஞர்களைப் பற்றியும், அவர்கள் தங்கள் முதல் சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவருவதில் படும் பாட்டைப் பற்றியும் இன்று நாடெங்கும் பேசப்படுகிறது. அரசாங்கம் இதற்குப் 'புத்தொழில்' என்று பெயரிட்டுத் தனி இயக்கமே நடத்துகிறது. இந்த முயற்சிகளை அருகிலிருந்து கவனிப்பவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். யோசனை இல்லாமல் அழிந்த தொழில்களைவிட, நல்ல யோசனை இருந்தும் அதை மனிதர் கையில் கொடுத்துப் பார்ப்பதற்கு முன்பே பணமும் தைரியமும் தீர்ந்துபோனதால் அழிந்த தொழில்கள் அதிகம். இன்னும் ஒரு வசதியைச் சேர்த்துவிட்டு வெளியிடலாம், உறையை இன்னும் சற்று அழகாக அச்சிட்டுவிட்டு வெளியிடலாம், கடன் வந்து பெரிய இயந்திரத்தை வாங்கிய பின் வெளியிடலாம் என்று நாட்கள் மாதங்களாகி, மாதங்கள் வருஷமாகி, கடைசியில் சரக்கு வெளிவரும் தினத்தில் அதை வேண்டுவோர் ஒருவரும் இல்லை என்பது தெரியவரும்போது, திருத்திக்கொள்வதற்குக் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. அமெரிக்கரான எரிக் ரீஸ் 2011-இல் 'தி லீன் ஸ்டார்ட்டப்' என்ற நூலை வெளியிட்டு, முழுமையான பொருளைச் செய்து முடிக்கும்வரை காத்திராமல், உபயோகிக்கத்தக்க மிகச் சிறிய முதல் வடிவத்தை விரைவில் வெளியிட்டு, வாங்குவோரிடம் கற்றுக்கொண்டு திருத்துவதே முறை என்று விளக்கினார். கணினித் தொழிலில் இது வேதவாக்காகவே ஆகிவிட்டது. ஆனால் இந்த முறையை ஒரு பெயருமில்லாமல், நிர்ப்பந்தத்தின் காரணமாகவே, நம் சேலத்து மனிதர் சிலர் 1943-ஆம் ஆண்டிலேயே நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வேண்டிய ஜவ்வரிசி பெரும்பாலும் கடல் கடந்து பினாங்கு, சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் வளரும் ஒருவகைப் பனையின் தண்டைப் பிளந்து, அதன் உட்சோற்றிலிருந்து எடுத்த மாவை உருட்டிச் செய்வதே ஆதி ஜவ்வரிசி. வங்காளத்தில் அது நோயாளிக்கும் குழந்தைக்கும் கொடுக்கும் ஆகாரம். மராட்டிய தேசத்திலும் குஜராத்திலும் ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் விரதம் இருப்போருக்கு அது தானியம் அல்லாத பலகாரம். நம் வீடுகளில் பாயசமும் வடகமும். 1941 டிசம்பரில் பினாங்கும், 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின, கப்பல் நின்றது, சரக்கு நின்றது. நோயாளியும் நிற்கவில்லை, ஏகாதசியும் நிற்கவில்லை. தேவை அப்படியே இருக்க, அதை நிறைவேற்றி வந்த வழி மட்டும் அடைபட்ட சந்தர்ப்பம் அது. இத்தகைய சந்தர்ப்பம் எந்தத் தொழிலுக்கும் அபூர்வமாகவே வாய்க்கும்; வாய்த்தாலும் நெடுங்காலம் திறந்திருக்காது.

சேலத்தைச் சேர்ந்த மாணிக்கம் செட்டியார் என்பவர் மீன் வியாபார நிமித்தமாகக் கேரளத்துக்கு அடிக்கடி போய்வந்தவர். அங்கே மரவள்ளி ஏழை எளியவரின் அன்றாட ஆகாரமாக இருந்தது. போர்ச்சுகீசியர் மலையாளக் கரைக்குக் கொண்டுவந்த அந்தச் செடியை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஜனங்களிடையே பரப்பியிருந்தார். பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவருக்கோ ஜவ்வரிசி செய்யும் முறை தெரியும். கிழங்கை அறிந்த ஒருவரும், முறையை அறிந்த ஒருவரும் சேர்ந்ததே இந்தத் தொழிலின் கருவாயிற்று. பனை இல்லை, கிழங்கு இருக்கிறது. மாவு மாவுதானே என்ற துணிவுடன் அவர்கள் 1943-இல் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள்.

அப்போது அவர்களிடம் ஆலை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. இருந்தவை கைக் கருவிகளும் வறுசட்டிகளுமே. கையால் ஜவ்வரிசி செய்யும் முறையைச் சற்று விவரித்தால்தான், அந்த முதல் சரக்கு எத்தகையதாக இருந்திருக்கும் என்பது வாசகருக்கு விளங்கும். கிழங்கின் தோலைக் கத்தியால் சீவி, கழுவி, துருவி, அந்தத் துருவலைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் வடிகட்டினால், நாரும் சக்கையும் மேலே தங்கிவிடும். இதைத்தான் ஆலைக்காரர்கள் திப்பி என்பார்கள். பால் போல் வடிந்த தண்ணீரைத் தொட்டியில் தேக்கி வைத்தால் பல மணி நேரத்தில் மாவு அடியில் படிந்து கட்டியாகும். மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, ஈர மாவை உதிர்த்து, தொட்டில் போல் கட்டிய துணியில் போட்டு இருவர் இரு புறமும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்ட ஆட்ட மாவுத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மணிகளாகத் திரளும். சல்லடையில் சலித்துப் பெரியதும் சிறியதும் பிரித்து, எண்ணெய் தடவிய சூடான சட்டியில் வறுத்து, பிறகு வெயிலில் உலர்த்தினால் ஜவ்வரிசி. இவ்வாறு கையால் ஆட்டி எடுத்த மணிகள் ஒரே அளவாக இருக்க நியாயமில்லை. நிறமும் பினாங்குச் சரக்கின் வெண்மைக்கு ஈடாக இராது. ஒரு நாளில் கிடைத்ததும் சொற்பமே.

ஆயினும் அந்தச் சொற்பம் ஒரு பெரிய கேள்விக்கு விடை அளித்தது. கிழங்கு மாவு மணியாகத் திரளுமா, பாலில் வேகும்போது கரைந்து கஞ்சியாகாமல் நிற்குமா, பனை ஜவ்வரிசிக்குப் பழகிய நாவு இதை ஏற்குமா என்ற மூன்று சந்தேகங்களையும், எந்தப் பொறியியல் வல்லுநரின் அறிக்கையும் தீர்த்து வைத்திருக்க முடியாது. அடுப்பில் வேகவைத்துச் சாப்பிட்டவர்கள் தீர்த்தார்கள். அது தீர்ந்த பின்னரே இயந்திரத்தைப் பற்றி யோசிப்பது அர்த்தமுள்ளதாயிற்று. எம். வெங்கடாசலக் கவுண்டர் என்ற இயந்திர நிபுணர் இத்தொழிலில் புகுந்து, கைவேலைகளை ஒவ்வொன்றாகக் கருவிகளுக்கு மாற்றிச் சீர்திருத்தினார். ஓரிரு மூட்டைகளாக இருந்த நாள் உற்பத்தி பல மடங்கு பெருகியது. இந்தக் கிரமத்தில்தான் என் கவனம் நிற்கிறது. துணியில் ஆட்டுவது கடினம் என்பதை ஆட்டிப் பார்த்தவர்கள் அறிந்தார்கள். ஆகவே எந்த வேலைக்கு முதலில் கருவி வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று கடன் விண்ணப்பத்தோடு இயந்திர விலைப்பட்டியலை முதலில் இணைத்துவிட்டு, பிறகு அந்த இயந்திரத்துக்கு ஏற்ற பண்டத்தைத் தேடும் இளைஞர்களைப் பார்க்கும்போது, இந்தக் கிரமம் தலைகீழாகிவிட்டதே என்று மனம் வருந்துகிறது.

சரக்கு வெளியே வந்த பின்பு வரும் இடர்கள் அறைக்குள் அமர்ந்து திட்டமிடுவோரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. 1944-இல் பஞ்சம் கடுமையாக இருந்தது. கிழங்கை அப்படியே வேகவைத்து மனிதர் உண்ணலாம் என்றிருக்க, அதை மாவாக்கி வெளியூருக்கு அனுப்புவதா என்று கருதிய சேலம் ஜில்லா கலெக்டர், மரவள்ளியிலிருந்து பண்டங்கள் செய்வதற்கும் அவை ஜில்லாவை விட்டு வெளியே போவதற்கும் தடை விதித்தார். பசியின் பக்கமிருந்து பார்த்தால் அந்த உத்தரவில் நியாயம் உண்டு. வங்காளப் பஞ்சத்தின் பயங்கரம் எல்லோர் கண் முன்னும் இருந்த காலம் அது. இரண்டு வயது கூட நிரம்பாத தொழிலுக்கோ அது மரண தண்டனை. உற்பத்தியாளர்கள் 1945-இல் ஒரு சங்கமாகக் கூடி, சிவில் சப்ளைஸ் கமிஷனரிடம் முறையிட்டுத் தடையை நீக்கிக்கொண்டார்கள். தனித்தனியே செய்துகொண்டிருந்தவர்களை ஒன்று சேர்த்தது அந்தத் தடையே. யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியபோது, அயல்நாட்டுச் சரக்கோடு போட்டியிட வேண்டிய நிலை வந்தது. அப்போது அவர்களிடம் சில வருஷ அனுபவமும், பழகிய தொழிலாளரும், கிழங்கு பயிரிடப் பழகிய விவசாயிகளும், வாதாடுவதற்கு ஒரு சங்கமும் இருந்தன. 1943-இல் தொடங்காமல், நல்ல இயந்திரம் வரட்டும் என்று யுத்தம் முடியும்வரை காத்திருந்தால், இவற்றுள் ஒன்றுகூட இருந்திருக்காது.

பனையிலிருந்து வருவதுதான் ஜவ்வரிசி, கிழங்கிலிருந்து வருவதை அப்பெயரால் விற்கலாமா என்ற கேள்விக்கும் காலம் விடை சொன்னது. நம் நாட்டின் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகள், பனை மாவிலிருந்தோ மரவள்ளிக் கிழங்கிலிருந்தோ செய்யப்பட்ட கெட்டியான சிறு மணிகளே ஜவ்வரிசி என்று வரையறுத்தன. 1981-இல் சேலத்தில் உருவான ஸ்டார்ச் மற்றும் ஜவ்வரிசி உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கம், அதாவது சேகோசர்வ், கிடங்கும் ஏல விற்பனையும் ஏற்படுத்தி வியாபாரத்துக்கு ஒரு ஸ்திரம் தந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிற நாட்டுச் சரக்குக்கு மாற்றாகத் தொடங்கியது, தன் ஊரின் பெயரையே முத்திரையாகப் பெற்றுவிட்டது.

இவ்வளவு சொன்ன பின் ஓர் எச்சரிக்கையையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். முதல் வடிவம் குறையுள்ளதாக இருக்கலாம் என்பதை, எந்தக் குறையும் இருக்கலாம் என்று பொருள்கொள்வோர் உண்டு. மணி கோணலாக இருப்பது ஒரு குறை. மணிக்குள் விஷம் இருப்பது வேறொரு ஜாதி. மரவள்ளியில் இயற்கையாகவே சயனைடை வெளியிடும் பொருள்கள் இருக்கின்றன. கசப்பு வகைகளில் அதிகம். துருவுவதும், நீரில் கரைத்து இறுப்பதும், சூடேற்றுவதும், உலர்த்துவதும் அதைக் குறைக்கின்றன. ஆகவே இந்தத் தொழிலில் தாமதம் என்று தோன்றும் சில படிகள் உண்மையில் பாதுகாப்பு. அவற்றை அவசரத்தின் பெயரால் தாண்டக் கூடாது. பிற்காலத்தில் சிலர் தோலை முற்ற நீக்காமலே அரைத்து, அதனால் ஏற்படும் பழுப்பை மறைக்க ரசாயனங்களைச் சேர்த்து வெளுத்ததும், விலை மலிவான மக்காச்சோள மாவைக் கலந்ததும், சேலம் வட்டாரத்தில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் பலமுறை ஆலைகளைச் சோதனையிடும் நிலைக்குத் தொழிலைக் கொண்டுவந்தன. நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி அவர்கள் செலவழித்தது வாங்குவோரின் நம்பிக்கையை. கழிவு நீரைப் பற்றியும் இதையே சொல்வேன். ஜவ்வரிசி ஆலைக்கு ஏராளமான தண்ணீர் வேண்டும். வெளியேறும் நீர் புளித்து நாறும். ஓடையிலும் கிணற்றிலும் கலந்தால் ஊரே துன்பப்படும். அந்த நீரைச் சாண எரிவாயுக் கலம் போன்ற கலங்களில் தேக்கி எரிவாயு எடுத்து, ஆலைக்கே உபயோகித்துக்கொள்ளும் முறை பல ஆலைகளில் வந்திருக்கிறது. ஆனால் அது வருவதற்கு முன் வருஷக்கணக்கில் அந்த நாற்றத்தைச் சுமந்தவர்கள் ஆலை முதலாளிகள் அல்லர். உறையின் அழகிலும் உருவத்தின் ஒழுங்கிலும் வேண்டுமானால் முதல் சரக்கு குறைப்பட்டிருக்கட்டும். உண்பவர் உடலிலும் அண்டை வீட்டார் குடிநீரிலும் பரிசோதனை நடத்தும் உரிமை யாருக்கும் இல்லை.

இனிக் கல்வராயன் மலைக்கு வருவோம். பெரிய கல்வராயன், சின்ன கல்வராயன் என்று இரு பிரிவாகக் கிடக்கும் இந்த மலைத்தொடரில், மலையாளி என்று பட்டியலில் குறிக்கப்பெற்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். நாடு சுதந்திரம் அடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வரை இங்கே ஜாகீர்தார்களின் ஆட்சியே நடந்தது. 1976-இல்தான் மலை நேரடியாக அரசாங்க நிர்வாகத்தின் கீழ் வந்தது. சாலையும் பள்ளியும் மின்சாரமும் நிலப் பட்டாவும் சமவெளிக்கு வந்து வெகு காலத்துக்குப் பின்னரே மேலே ஏறின என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான், ஒரு மலைக்கிராமத்து இளைஞன் புதுத்தொழில் தொடங்குவதற்கும், சென்னையில் ஒருவன் தொடங்குவதற்கும் உள்ள தூரம் புரியும். கடுக்காயும் நெல்லியும் புளியும் தேனும் சாமையும் பலாவும் இங்கே உண்டு. மரவள்ளியும் மூட்டை மூட்டையாக லாரியில் இறங்குகிறது. பண்டமாகிச் சேரும் மதிப்பு மட்டும் கீழேயே தங்கிவிடுகிறது.

விரைந்து வெளியிடு, விரைந்து திருத்து என்ற உபதேசத்தை இந்த மலைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. கணினி நிரலில் பிழை கண்டால் அன்றிரவே திருத்தி மறுநாள் வெளியிடலாம். மரவள்ளி ஒன்பது பத்து மாதப் பயிர். ஒரு வகைக் கிழங்கு சரியாக வரவில்லை என்று தெரிந்து வேறு வகைக்கு மாறினால், அதன் பலனைக் காண அடுத்த வருஷமாகும். இடையில் தேமல் நோய் என்று விவசாயிகள் சொல்லும் மொசைக் நோய் வந்து இலை சுருங்கினால், அந்த வருஷமும் போயிற்று. உலர்த்தும் காலத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் களத்தில் பரப்பியது பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே இங்கே பயிரை விரைவுபடுத்த வழி தேடுவதைவிட, ஒரு பருவத்துக்குள் எத்தனை கேள்விகளுக்கு விடை காண முடியும் என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். ஐம்பது கிலோ கிழங்கை வாங்கி, அன்றைக்கே சீவி வறுவலாகப் போட்டுச் சங்கராபுரத்திலும் கள்ளக்குறிச்சியிலும் நான்கு கடைகளில் வைத்துப் பார்ப்பதற்கு ஆலை வேண்டாம். ஒரு வாணலியும் சுத்தமான எண்ணெயும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் போதும். முதல் வாரத்தில் வாங்கியவர் இரண்டாம் வாரமும் கேட்டாரா என்பது ஒன்றே தெரிய வேண்டியது. கேட்கவில்லை என்று தெரிந்தால் நஷ்டம் ஐம்பது கிலோவோடு நின்றுவிடும். அதே பருவத்தில் அப்பளமாகவோ வற்றலாகவோ மாற்றிப் பார்க்க நாளும் இருக்கும்.

அரசாங்கமும் வெறுங்கையோடு நிற்கவில்லை. பட்டியல் இனத்தவரும் பழங்குடியினரும் நடத்தும் புத்தொழில்களில் முதலீடு செய்வதற்கென்று தமிழ்நாடு அரசு 2022-23-இல் 30 கோடி ரூபாயில் ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மலையிலிருந்து அது எட்டாத தூரமல்ல. பணமும் ஆராய்ச்சியும் இருக்கும் இடங்களுக்கு வெள்ளிமலையிலிருந்து ஒருவர் போய்ச் சேர்வதற்குள், விண்ணப்பங்களும் சான்றிதழ்களும் எடுத்துக்கொள்ளும் காலம் குறைய வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இந்த மலையிலிருந்து தொடங்கத்தக்க முதல் முயற்சி எது என்று என்னைக் கேட்டால், தின்பண்டம் எதையும் முதலில் சொல்ல மாட்டேன். ஆலையில் கிழங்குக்கு விலை அதன் மாவுச் சத்தைப் பொறுத்தது. அதைப் பாயிண்ட் என்று சொல்லி, பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்கிடுகிறார்கள். நல்ல கிழங்கில் எடையில் கால் பங்கு முதல் 30 சதம் வரை மாவு இருக்கும். ஒன்றிரண்டு பாயிண்ட் வித்தியாசம் ஒரு லாரிச் சுமைக்குக் கணிசமான பணம். குங்குமரோஸ், முள்ளுவாடி, தாய்லாந்து வெள்ளை என்று எந்த வகையை நட்டாலும், தன் கிழங்கு எத்தனை பாயிண்ட் என்பதை மலை விவசாயி, கிழங்கைப் பிடுங்கி, ஏற்றி, வண்டி வாடகையும் கொடுத்து, கீழே ஆலை வாசலில் நிற்கும்போதுதான் கேட்டு அறிகிறார். அங்கே சொல்லும் கணக்கை மறுக்க அவரிடம் ஆதாரம் இல்லை. கிழங்கைத் திருப்பிக்கொண்டு போகவும் முடியாது, அது கெட்டுவிடும். ஆனால் இந்த அளவையில் மந்திரம் ஒன்றும் இல்லை. மாவு மிகுந்த கிழங்கு அடர்த்தி மிகுந்தது. காற்றில் ஒரு முறையும் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒரு முறையும் அதை நிறுத்து, இரு எடைகளின் வித்தியாசத்தைக் கொண்டு மாவின் அளவைப் பட்டியலில் பார்த்து ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

இரண்டு இளைஞர்கள் இதை ஒரு சேவையாக வெள்ளிமலையில் தொடங்கலாம். அறுவடைக்கு முன் நான்கைந்து செடிகளின் கிழங்கை எடுத்து வருபவருக்கு, பாயிண்டைக் குறித்த சீட்டு ஒன்று கொடுத்து, சிறு கட்டணம் பெறலாம்; அன்று ஆலைகளில் நடக்கும் விலையைக் கரும்பலகையில் எழுதிப் போடலாம். இன்னும் பத்து நாள் மண்ணில் விட்டால் பாயிண்ட் ஏறுமா, இப்போதே பிடுங்கலாமா என்று விவசாயி தன் வயலில் நின்றே தீர்மானிப்பார். செல்பேசிச் செயலியும் பிறவும் பின்னால் வரட்டும். சீட்டை நம்பி வண்டி ஏற்றியவர், ஆலையில் சொன்ன அளவும் இங்கே சொன்ன அளவும் ஒத்தனவா என்று திரும்பி வந்து சொல்ல வேண்டும், அதை ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். வரும் பருவத்துக் கிழங்கு இறங்குவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிட முடியும். தொங்கு தராசு ஒன்றும் தண்ணீர்த் தொட்டி ஒன்றும் வெள்ளிமலையில் கிடைக்காதவை அல்ல.